கல்விழுங்கிக்குச் சுண்ணாம்பு

எகி-புலாக் ஊருக்குத் தார் ரோட்டிலிருந்து வர ஒரே வழிதான். அந்த வழியில் முக்கால் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு செங்களி மேடு. மேடு எல்லா ஊரிலும்தான் இருக்கிறது. எங்கள் மேட்டுக்கு மட்டும் தாஷ்-ஜுத்கான், அதாவது கல்விழுங்கி என்று பெயர். பெயர் வைத்தவன் பொய் சொல்லவில்லை. வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் இருபது லாரி ஆற்றுக்கல் கொண்டுவந்து கொட்டுவார்கள். மார்ச்சில் பனி உருகும். களிமண் கொழகொழவென்று வாயைத் திறக்கும். ஏப்ரலில் போய்ப் பார்த்தால் கல் கொட்டின சுவடே இருக்காது. அத்தனை கல்லையும் அடுக்கியிருந்தால் ஊரைச் சுற்றி ஒரு கோட்டையே கட்டியிருக்கலாம். கட்டியும் பிரயோஜனமில்லை, எதிரி வந்தாலும் அந்த மேட்டில்தானே மாட்டிக்கொள்வான்.

புர்மாகானின் கதையை அந்த மேட்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஊரின் சின்ன மருத்துவமனையில் டாக்டர், நர்ஸ், கம்பவுண்டர், கூட்டிப் பெருக்குகிறவள் எல்லாமே அவள்தான். படிப்பு டாக்டருக்கு ஒரு படி கீழே. அதட்டல் டாக்டருக்கு இரண்டு படி மேலே. இருபத்து மூன்று வருஷமாக இந்த ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் அவள் கைதான் தொடும். தன்னால் முடியாதென்று தெரிந்தால் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாள். அனுப்புவதற்கு மேடு சம்மதிக்க வேண்டும்.

பத்து வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்ச் மாதம், மேடு சம்மதிக்கவில்லை. அன்று வண்டியில் படுத்திருந்தவன் அவள் புருஷன் தாலாய். குடல்வால் வெடித்துவிட்டது. என்ன நோய், என்ன செய்தால் பிழைப்பான், எத்தனை மணி நேரம் இருக்கிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். வண்டி அச்சுவரை களியில் இறங்கிவிட்டது. இழுக்க வந்த டிராக்டரும் இறங்கியது. நாலு மணி நேரம் அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த மேடு வந்தால் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். வெயில் காலத்திலும் அப்படித்தான். ஊருக்கே தெரியும். அவளைச் சீண்டாத ஆள் ஊரில் கிடையாது. ஆனால் இதை வைத்து மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

புருஷன் இறந்த அன்று வண்டி ஓட்டியவன் ஜூமாதில். தாலாயின் சித்தப்பா மகன். இப்போது அவன்தான் ஊர்த் தலைவர். கல்பாக் தொப்பியும் தொந்தியுமாக ஆள் பெரிதாகிவிட்டான். புர்மாகானுக்குக் கொழுந்தன் முறை என்பதால் இரண்டு பேரும் எங்கே பார்த்துக்கொண்டாலும் ஒருவரையொருவர் வாராமல் விடமாட்டார்கள். வருஷாவருஷம் மாவட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து சண்டை போட்டு இருபது லாரி கல் வாங்கி வருவதும் அவன்தான்.

சென்ற வருஷம் மார்ச்சில் ஒரு நாள் புர்மாகான் மருத்துவமனைப் பின்கதவு வழியாக உள்ளே வந்தாள். வழக்கம்போல வாசலில் நின்று ரப்பர் பூட்ஸைச் சுரண்டக் குச்சியை எடுத்தாள். பூட்ஸில் சேறு இல்லை. ஊரே முழங்கால் சேற்றில் நடக்கிறது, இவள் பூட்ஸ் துடைத்து வைத்ததுபோல இருக்கிறது. திரும்பி வெளியே போனாள். முற்றத்தைச் சுற்றி வந்தாள்; பூட்ஸில் காலுக்கு ஒரு கிலோ களி. பின்கதவுப் பக்கம் வந்தாள்; அந்த இடத்தில் மட்டும் தரை கெட்டியாகக் கிடந்தது. குச்சியால் குத்தினாள், குச்சி முறிந்தது.

அந்த இடத்தில்தான் சுண்ணாம்புக் குழி. வருஷத்துக்கு ஒரு தடவை மருத்துவமனைச் சுவருக்கும் மரங்களுக்கும் வெள்ளையடிக்க அவள் சுண்ணாம்பு நீற்றுகிற இடம். சிந்தியது, கொட்டியது, வாளி கழுவி ஊற்றியது எல்லாம் அந்த மண்ணுக்குள்தான் போயிருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக மிதித்துக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தாள். அவளுக்கு மயிர் கூச்செறிந்தது. காலடியில் இப்படி ஒரு அதிசயம் பேசாமல் கிடந்திருக்கிறது, தான் அதன்மேல் நின்று சேற்றைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று நினைத்து, குளிரில் ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள்.

கல்விழுங்கியிலிருந்து ஒரு வாளி களி கொண்டுவரச் சொன்னாள். இரண்டு உருண்டை பிடித்தாள். ஒன்று வெறும் களி. இன்னொன்றில் ஒரு கரண்டி சுண்ணாம்பு. பிசையப் பிசையவே வித்தியாசம் தெரிந்தது. பசை மாதிரி விரலைப் பிடித்த களி, சுண்ணாம்பு சேர்ந்ததும் கையை விட்டுவிட்டு உதிரியானது. இரண்டையும் ஒரு வாரம் ஜன்னலில் காயவைத்து, இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டாள். வெறும் களி, ஒரு கோப்பை தேநீர் குடித்து முடிப்பதற்குள் கரைந்து கீழே படிந்தது. மற்றது அப்படியே உட்கார்ந்திருந்தது. மறுநாளும் இருந்தது. அடுத்த வாரமும் இருந்தது. ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்கள் அந்த டம்ளரை முதலில் பார்த்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்ற வேண்டும் என்று ஆயிற்று.

"என்ன அண்ணி, யாரோட கிட்னிக் கல்லு இது?" என்றான் ஜூமாதில்.

"உங்க மூளை. ஊற வெச்சிருக்கேன். இன்னும் இளகல."

ஏப்ரலில் சாலை அலுவலகத்திலிருந்து மெதெர் என்று ஓர் இன்ஜினீயர் மேட்டை அளக்க வந்தான். முப்பது வயது இருக்காது, கண்ணாடிக்காரன். புர்மாகான் அவனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போய் டம்ளரைக் காட்டினாள். பின்கதவுத் தரையையும் காட்டினாள். அவன் மண்டியிட்டு உட்கார்ந்து மண்ணை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"அக்கா, இத உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் சொல்லல தம்பி. பூட்ஸ் சொல்லிச்சு."

அவன் சிரிக்கவில்லை. "உலகத்துல பல எடத்துல இப்படித்தான் ரோடு போடறாங்க. களிமண்ணு தண்ணிய விடாமப் பிடிச்சு வெச்சுக்கும். சுண்ணாம்பு போய் அந்தப் பிடிய விட வைக்கும். அப்பறம் மாசக்கணக்குல மெல்ல மெல்ல இறுகிக்கிட்டே போகும். இந்த மாவட்டத்துல செஞ்சு பாக்கணும்னு நானும் ரெண்டு வருஷமாக் கேட்டுட்டிருக்கேன். எந்த ஊரும் ஒத்துக்கல."

"ஏன் ஒத்துக்கல?"

"சுண்ணாம்பும் மெஷினும் தருவோம். ஆனா அந்த வருஷத்துக் கல்லு கிடையாது. ரெண்டுல ஒண்ணுதான். தோத்துட்டா மெஷினு வேற ஊருக்குப் போயிடும்."

ஊர்க் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஜூமாதில் எழுந்து நின்று, கல் என்றால் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம், சுண்ணாம்பு மாவை நம்பி யார் ஒரு குளிர்காலத்தை ஓட்டுவது என்று கேட்டான். "சேத்துல மாவு தூவி அண்ணி ரொட்டி சுடப் போறாங்க. எல்லாரும் வெண்ணெ எடுத்துட்டு வாங்க!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"மாவோ மண்ணோ, நீங்க கொட்டின கல்லுல ஒரே ஒரு கல்லக் காட்டுங்க கொழுந்தனாரே. நான் இப்பவே உக்காந்துடறேன்" என்றாள் புர்மாகான்.

அவன் முகம் மாறிவிட்டது. சிரிப்பு அடங்கும்வரை நின்றான். "ஒம்பது வருஷமா நான் யாருக்காகக் கல்லு கொட்டறேன்னு நெனச்சீங்க அண்ணி?"

புர்மாகான் அவனையே பார்த்தாள். "தெரியும்யா. அதனாலதான் கேக்கறேன். ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், கொட்டாம இருங்க."

முதலில் கை தூக்கியவன் ஜூமாதில். அவன் தூக்கின பிறகு ஊரும் தூக்கியது. அன்றிலிருந்து புர்மாகானுக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. இது தோற்றால் வருகிற மார்ச்சில் மேட்டில் ஒரு கல்கூட இருக்காது. அப்போது வண்டியில் யார் படுத்திருந்தாலும் அது தன் தலையில்தான் என்று அவளுக்குத் தெரியும்.

மே கடைசியில் வேலை நடந்தது. திங்கட்கிழமை டிராக்டர் மேட்டை ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறிப் போட்டது. நீற்றின சுண்ணாம்பு மூட்டைகளைக் கணக்காக இடைவெளி விட்டு அடுக்கிப் பிரித்து, ஊரே வாயில் துணியைக் கட்டிக்கொண்டு பரப்பியது. புர்மாகான் தண்ணீர்க் குடத்தோடு அலைந்து, கண்ணைக் கசக்கியவனையெல்லாம் பிடித்து நிறுத்திக் கண்ணைக் கழுவிவிட்டாள். டிராக்டர் திரும்பவும் உழுதது, தண்ணீர் தெளித்தார்கள். சுண்ணாம்பு களிக்குள் இறங்கட்டும் என்று செவ்வாய் முழுக்க மாவைப்போலப் புளிக்கவிட்டார்கள். புதன்கிழமை மறுபடி ஒரு கிளறல். அதற்குப் பிறகு ரோலர் ஏறி இறுக்க வேண்டியதுதான் பாக்கி. புதன் எங்களுக்கு நல்ல நாள். புதனன்றுதான் முடிக்க வேண்டும் என்று பெரியவர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள்.

அதே புதனை பெயிஷெனும் பார்த்து வைத்திருந்தான். ஊர் ஆட்டையெல்லாம் மேய்க்கிறவன் அவன், தொள்ளாயிரம் தலை. மலை மேய்ச்சலுக்கு ஏறுகிற நாள் அது. மேட்டுப் பக்கம் வராதே, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒற்றையடிப் பாதையில் போய்விடு என்று மூன்று தடவை சொல்லியிருந்தார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு, விடியலிலிருந்து ஓடைக்கு அக்கரையில் மந்தையோடு நின்றான். ஏன் கிளம்பவில்லை? யாரும் "அக் ஜோல்" சொல்லவில்லை, அதனால் கிளம்பவில்லை. அக் என்றால் வெள்ளை, ஜோல் என்றால் வழி. வழி வெள்ளையாக இருக்கட்டும் என்று ஒரு வாய்ச்சொல் வாங்காமல் எங்கள் ஆட்கள் பக்கத்து ஊருக்குக்கூடப் போவதில்லை. மூன்று மாத மேய்ச்சலுக்கா போவான்? சொல்ல வேண்டிய பெரியவர்களெல்லாம் அவனை மறந்துவிட்டு மேட்டில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து மணிக்கு டிராக்டர் கடைசிக் கிளறலை முடித்து ஒதுங்கியது. கல்விழுங்கி அடியிலிருந்து உச்சிவரை வெளிறிக் கிடந்தது. பிறந்ததிலிருந்து ரத்தச் சிவப்பாக மட்டுமே பார்த்த மண், வெள்ளையாகிக் கிடந்தது. ஜூமாதில் ஒரு கை அள்ளினான். பிசைந்தான். மண் விரலில் ஒட்டாமல் உதிர்ந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டு, "அட கடவுளே, அக் ஜோல்! நெஜமாவே வெள்ளை வழி! பாருங்கடா, அக் ஜோல்!" என்று கத்தினான். ஊர் மொத்தமும் அதைப் பிடித்துக்கொண்டது. அக் ஜோல், அக் ஜோல் என்று மலை எதிரொலிக்கக் கத்தினார்கள்.

ஓடைக்கு அக்கரையில் பெயிஷெனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுடைய அப்பாவுக்குக்கூட இப்படி ஒரு வழியனுப்பு நடந்ததில்லை. இத்தனை மரியாதை செய்து கூப்பிட்டபின் ஒற்றையடிப் பாதையில் போனால் நன்றாகவா இருக்கும்? மந்தையைத் திருப்பினான்.

அதற்குள் மேட்டில் கதை கந்தலாகிவிட்டது. ரோலர் ஐம்பது அடி ஏறியிருக்கும். எண்ணெய்க் குழாய் வெடித்து அப்படியே நின்றுவிட்டது. டிரைவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, நகரத்திலிருந்து குழாய் வர நாளைக் காலை ஆகும் என்றான். மெதெர் மேற்கே பார்த்தான். மலைக்குப் பின்னாலிருந்து மேகம் கருகருவென்று ஏறிக்கொண்டிருந்தது.

"மழை எப்ப வரும்?" என்று கேட்டான்.

"ரெண்டு மணி நேரம். கூடப் போனா ரெண்டரை" என்றார் ஒரு பெரியவர்.

மெதெர் தரையில் உட்கார்ந்துவிட்டான். "இறுக்காத மண்ணுல மழை எறங்கிச்சுன்னா எல்லாம் கஞ்சிதான். சுண்ணாம்பும் போச்சு. மறுபடி எனக்குத் தர மாட்டாங்க அக்கா."

புர்மாகான் வெளிறிக் கிடந்த மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

அப்போதுதான் அடிவாரத்தில் மணிச் சத்தம் கேட்டது. குதிரைமேல் பெயிஷென், முகமெல்லாம் பூரிப்பு, தொப்பியைத் தூக்கி ஆட்டிக்கொண்டு வருகிறான். அவனுக்குப் பின்னால் தொள்ளாயிரம் ஆடுகளும் புது மண்ணில் ஏறிவிட்டன.

"அடேய்! எறங்குடா! எறக்குடா!" என்று ஜூமாதில் கையை வீசிக்கொண்டு ஓடினான்.

"தேங்க்ஸ்ணே! நல்லா இருங்க! அக் ஜோல்!" என்று பெயிஷென் பதிலுக்குக் கத்தினான்.

மெதெர் தலையில் கைவைத்தபடி எழுந்தவன், அப்படியே நின்றுவிட்டான். ஆடுகள் கடந்துபோன மண்ணை உற்றுப் பார்த்தான். மண்டியிட்டுக் குளம்புக் குழிக்குள் விரலை விட்டான். குழியின் அடி கல் மாதிரி இறுகியிருந்தது. "அக்கா... புத்தகத்துல இருக்கு அக்கா. களிமண்ண இறுக்கறதுக்குன்னே முள்ளு முள்ளா ஒரு ரோலர். அதுக்குப் பேரே ஆட்டுக்கால் உருளை. மேல மட்டும் அமுக்காம அடியிலிருந்து இறுக்கிட்டு வரும்..."

அவன் முடிக்கவில்லை. புர்மாகான் பாவாடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஓடினாள். நாற்பத்தொன்பது வயதில் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. "பெயிஷென்! திருப்பு! மறுபடி கீழ ஓட்டு! மேல ஏத்து, கீழ எறக்கு, நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாத!"

"என்னக்கா, போன்னு சொல்லிட்டு வான்னு சொல்றீங்க?"

"வாய மூடிட்டு ஓட்டுடா!"

ஊர் இரண்டு பக்கமும் வேலியாக நின்றது. பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், வாத்தியார், நாய்கள், எல்லாம் கை கோத்துக்கொண்ட மாதிரி முக்கால் கிலோமீட்டருக்கு வரிசை. நடுவில் ஆடுகள். ஏறின, இறங்கின, மறுபடி ஏறின. முதல் நடையில் குளம்பு முழுக்க மண்ணுக்குள் போயிற்று. மூன்றாம் நடையில் பாதி. ஆறாம் நடையில் வெறும் தடம் மட்டும். ஒரு நடைக்கு ஒரு விரல் உயரம் ஆடுகள் மண்ணுக்குள்ளிருந்து மேலே எழுந்து வந்தன. கத்திக்கொண்டிருந்த ஊர் தானாகவே அமைதியாயிற்று. மூவாயிரத்து அறுநூறு குளம்புகளின் சத்தம் மட்டும். களி, கல் மாதிரி ஒலிக்கத் தொடங்கியிருந்தது. பெரியவர்கள் சிலர் முகத்தில் கையை வைத்துத் தொழுதார்கள். புர்மாகானுக்கு, ஒரு வாளிச் சுண்ணாம்பும் ஒரு ஆட்டுக்காலும் சேர்ந்தால் பூமி இப்படிப் பணியுமா என்று இருந்தது.

ஏழாம் நடை முடியும்போது முதல் துளி விழுந்தது. பிறகு ஆலங்கட்டி, பிறகு கொட்டோ கொட்டென்று மழை. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நனைந்துகொண்டே மேட்டைப் பார்த்தார்கள். தண்ணீர் குளம்புத் தடங்களில் தேங்கி, வழிந்து, ஓரத்துக்கு ஓடியது. ஓடிய தண்ணீர் தெளிந்திருந்தது. கல்விழுங்கியிலிருந்து தெளிந்த தண்ணீர் இறங்கி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

மழை நின்றதும் புர்மாகான்தான் முதலில் மிதித்தாள். இருபது அடி நடந்தாள். நின்று, ஒரு காலைத் தூக்கி அடியைப் பார்த்தாள். பூட்ஸ் சுத்தமாக இருந்தது. அங்கேயே, எல்லார் முன்னாலும், உட்கார்ந்து அழுதாள்.

பிறகு எழுந்து மூக்கைச் சிந்திவிட்டு வேலையைப் பார்த்தாள். சுண்ணாம்பு குளம்பைச் சுடும் என்று மந்தையை வாய்க்காலில் இறக்கி மூன்று தடவை நடத்தவைத்தாள். குளம்பிடுக்கில் தோல் சிவந்த முப்பத்திரண்டு ஆடுகளுக்கு வினிகர் தண்ணீரால் கழுவிக் களிம்பு போட்டாள். "மனுசனுக்குப் போட்ட களிம்பு ஆட்டுக்கும் கேக்குமாக்கா?" என்றான் பெயிஷென். "உனக்கே கேட்டுச்சே" என்றாள். மறுநாள் குழாய் வந்தது, ரோலர் ஓடியது, தடமெல்லாம் மழுங்கியது. பெயிஷென் ஒரு நாள் தாமதமாக மலையேறினான். அந்த ஒரு நாளும் ஊர் அவனைப் பார்க்கும்போதெல்லாம் "அக் ஜோல்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவனே காதைப் பொத்திக்கொண்டான்.

மார்ச் வந்தது. பனி உருகியது. புர்மாகான் மேட்டுப் பக்கம் போகவில்லை. லாரி போகிறது, பால் வண்டி போகிறது என்று வந்து சொன்னார்கள், தலையாட்டினாள், அவ்வளவுதான்.

மூன்றாம் வாரம் ஒரு மதியம் பெயிஷெனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கிக் கிடந்தான். அவள் விரலை வைத்து அழுத்தி எடுத்தாள், அவன் அலறினான். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஜூமாதில், வண்டிய எடு" என்றாள். எப்போதும் கொழுந்தனாரே என்று இழுக்கிறவள் பெயரைச் சொன்னதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

பின்னால் பெயிஷெனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். மறு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வண்டி கிளம்பியதும் கண்ணை மூடிக்கொண்டாள். எழுபது, எழுபத்தொன்று என்று நாடி ஓடியது. இப்போது உறுமும், இப்போது வழுக்கும், இப்போது இறங்கும் என்று உடம்பு முழுக்க இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

"ஜூமாதில், மேடு வரப்போகுது. மெதுவாப் போ."

முன்னாலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஜூமாதில்! கேக்குதா?"

"கண்ணத் தொறங்க அண்ணி" என்றான். குரல் உடைந்திருந்தது. "மேடு தாண்டி அஞ்சு நிமிஷம் ஆச்சு. தார் ரோட்டுல போறோம்."

அவள் கண்ணைத் திறந்தாள். ஜன்னலுக்கு வெளியே கம்பங்கள் வேகமாகப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. பெயிஷென் பல்லைக் கடித்துக்கொண்டு, "என் ஆடுங்க போட்ட ரோடுக்கா... குலுங்குமா பின்ன?" என்றான்.

நாடிக் கணக்கு எங்கேயோ விட்டுப்போயிருந்தது. அவள் அவன் மணிக்கட்டை இன்னும் நன்றாகப் பிடித்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினாள்.